மிஸ்ஸிங் அடிக்கும் இன்ஜினில் காயிலைக் கண்டுபிடிப்பது

ஏற்காடு மலை ஏறும்போது வண்டி உதறுகிறது, சேலத்துக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி ஒருவர் பெட்ரோல் காரைக் கொண்டுவந்து நிறுத்தினால், என் சந்தேகம் முதலில் இக்னிஷன் காயில் மேல்தான் விழும். பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பறக்க எவ்வளவு வோல்ட் வேண்டும் என்பது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பொறுத்தது. சும்மா நின்று ஓடும்போது 10,000 வோல்ட் வாக்கில் இருந்தால் போதும். பெரிய கியரில், குறைந்த வேகத்தில், ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்து மேடு ஏறும்போது உள்ளே காற்று நிறையப் புகுந்து அழுத்தம் கூடிவிடும். அப்போது அதைப்போல் இரண்டு மடங்குகூடத் தேவைப்படலாம். நல்ல காயில் அதைக் கேட்ட நேரத்தில் கொடுக்கும். உள்ளே இன்சுலேஷன் விட்டுப்போன காயில் ஐடிலில் சமாளித்துவிட்டு, மேட்டில் கைவிட்டுவிடும்.

இதனால்தான் வண்டியை ஷெட்டுக்குள் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்த்துவிட்டு “எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று அனுப்பிவிடக் கூடாது. லோடு இல்லாமல் இன்ஜினைச் சுற்றவிட்டால் அரைகுறைக் காயில்கூட ஒழுங்காக வேலை செய்வதுபோல் காட்டிக்கொள்ளும். வண்டிக்காரர் எந்த இடத்தில், எந்த கியரில், இன்ஜின் சூடாக இருந்தபோதா ஆறியிருந்தபோதா, மழையிலா வெயிலிலா என்று சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாதிக் கண்டுபிடிப்பு அந்தப் பேச்சிலேயே முடிந்துவிடும்.

மிஸ்ஸிங்கையும் பெட்ரோல் சரியாக வராத கோளாறையும் காலிலும் காதிலுமே பிரித்துவிடலாம். பம்ப் பலவீனமாகியோ ஃபில்டர் அடைத்தோ இருந்தால் வண்டி மொத்தமாகச் சோர்ந்துபோகும், இழுவை மெல்ல இறங்கும். ஒரு சிலிண்டர் மட்டும் விட்டுவிட்டு எரிந்தால் உதை தெரியும். ஐடிலில் ஸ்டீயரிங்கும் கியர் லீவரும் ஒரே தாளத்தில் நடுங்கும். சைலன்சர் வாயில் கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால், சீராக வரவேண்டிய புகைக்காற்று நடுநடுவே விட்டு “புட்… புட்” என்று அடிப்பது தெரியும். எரியாத பெட்ரோல் வாடையும் கூடவே வரும்.

மீட்டர் போர்டில் செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் போய்ச் சேரலாம். அது விட்டுவிட்டு மின்னினால் ஓட்டாதீர்கள், ஓரமாக நிறுத்துங்கள். இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எரியாத பெட்ரோல் சைலன்சருக்கு முன்னால் இருக்கும் கேடலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியத் தொடங்குகிறது, அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பீங்கான் சல்லடை உருகி அடைத்துக்கொள்ளும் என்பதுதான் அந்த மின்னலுக்கு அர்த்தம். கன்வர்ட்டர் விலையோடு ஒப்பிட்டால் காயில் விலை ஒன்றுமே இல்லை. ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று மின்னும் விளக்கோடு ஓட்டி, ஒரு காயில் செலவைப் பெரும் செலவாக்கிக்கொள்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

காயில் உள்ளே என்ன நடக்கிறது

அம்பாசிடர் காலத்தில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே காயில். டிஸ்ட்ரிபியூட்டர் அந்தக் கரண்ட்டை முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேடிலாக் கார்களுக்காக உருவாக்கிய முறை அதன் மூலம். அந்தக் காயில் போனால் வண்டி நின்றுவிடும், சந்தேகத்துக்கே இடமில்லை. இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று போனாலும் மற்ற மூன்றும் வண்டியை இழுத்துக்கொண்டு போகும். அதனால் கோளாறு மறைந்து நிற்கிறது, கண்டுபிடிக்க முறை வேண்டியிருக்கிறது.

காயிலுக்குள் தடித்த கம்பியில் குறைவான சுற்றுகள், தலைமுடி போன்ற மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள். தடித்த கம்பியில் 12 வோல்ட் கரண்ட் சில மில்லி செகண்டு ஓடி காந்தப்புலத்தை உண்டாக்கும். சரியான கணத்தில், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ அதை வெட்டும். புலம் சட்டென்று சரியும்போது மெல்லிய கம்பியில் 20,000, 30,000 வோல்ட் என்று எழும்பிப் பிளக்கில் பொறியாகப் பாயும். இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு காயிலும் செகண்டுக்கு 25 முறை இதைச் செய்கிறது. சிலிண்டர் ஹெட்டின் குழிக்குள், அந்தச் சூட்டில், வருடக்கணக்காக. மெல்லிய கம்பிகளுக்கு நடுவே ஊற்றிய ரெசினில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்தால் போதும், கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அந்த விரிசல் வழியே எர்த்துக்கு ஓடிவிடும். ஆறியிருக்கும்போது விரிசல் மூடியிருக்கும், சூடானதும் விரியும். காலையில் நன்றாக ஓடிய வண்டி மதியம் மிஸ்ஸிங் அடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

முதலில் ஸ்கேனர்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடியில் 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். ஸ்கேனர் இல்லாதவர்கள் ஈஎல்எம்327 வகை ப்ளூடூத் அடாப்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் ஈசியூ பதிந்துவைத்த கோளாறுக் கோட்களைச் செல்போனிலேயே படிக்கலாம்.

பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஃபயர், அதாவது மிஸ்ஸிங். பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0351 முதல் பி0354 வரை வந்தால் அந்தந்தக் காயிலின் சர்க்யூட்டில் கோளாறு என்று பொருள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பி035 வரிசைக் கோட் பெரும்பாலும் 12 வோல்ட் பக்கத்தைப் பார்த்துத்தான் வருகிறது. கப்ளர் கழன்றிருந்தாலோ ஒயர் அறுந்திருந்தாலோ தடித்த கம்பி போயிருந்தாலோ அது வரும். மெல்லிய கம்பிப் பக்கம் ஒழுகினால் ஈசியூவுக்கு நேராகத் தெரியாது. பொறி வராததால் இன்ஜின் சுழற்சி ஒரு கணம் தளர்வதை கிராங்க் சென்சார் மூலம் உணர்ந்து பி0302 என்று மட்டும் எழுதி வைக்கும். ஆகவே காயில் கோட் வரவில்லை, எனவே காயில் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொரு கோட் ஆளைக் குழப்பும். மிஸ்ஃபயரோடு சேர்ந்து பி0171, அதாவது பெட்ரோல் கலவை மெலிந்திருக்கிறது என்ற கோடும் வரலாம். எரியாத சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் அப்படியே வெளியேறுவதால் ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து “காற்று அதிகம், பெட்ரோல் குறைவு” என்று சொல்கிறது. சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. அதை மாற்றிப் பயனில்லை. முதலில் மிஸ்ஃபயரைச் சரிசெய்யுங்கள், பல வண்டிகளில் பி0171 தானாக அடங்கிவிடும்.

கோட்களை எழுதிக்கொண்டு, ஃப்ரீஸ் ஃப்ரேம் தகவலையும் பாருங்கள். கோட் விழுந்த நேரத்தில் இன்ஜின் சூடு, ஆர்பிஎம், லோடு எவ்வளவு என்று அதில் பதிவாகியிருக்கும். பிறகு நீங்கள் சோதனை ஓட்டம் போகும்போது அதே நிலையை உண்டாக்க வேண்டும்.

காயிலை இடம் மாற்றிப் பார்ப்பது

உங்கள் வண்டியில் பி0302 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது சிலிண்டரில் ஏதோ எரியவில்லை என்பது மட்டும்தான் இதுவரை தெரியும். காயிலாக இருக்கலாம், பிளக்காக இருக்கலாம், இன்ஜெக்டர், ஒயர், வால்வு எதுவாகவும் இருக்கலாம். இந்த இடத்தில் புதுக் காயில் வாங்க ஓடுவதுதான் பரவலான பழக்கம். வாங்காதீர்கள். காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது, அது சொல்லும் பதிலில் சந்தேகமும் குறைவு.

இன்ஜினை ஆறவிடுங்கள், சாவியை எடுத்துவிடுங்கள். ஓடும் இன்ஜினில் காயிலைக் கழற்றவே கூடாது. வெளியே பாய இடம் தேடும் 30,000 வோல்ட் உங்கள் கை வழியாகவும் போகலாம், காயிலையும் ஈசியூவையும் கெடுக்கவும் செய்யலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இன்ஜின் ஓடும்போது பானெட் பக்கமே வரவேண்டாம்.

சிலிண்டர் எண்ணிக்கை பெரும்பாலான கார்களில் டைமிங் செயின் பக்கத்திலிருந்து தொடங்கும். சில பிரெஞ்சு கார்களில் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். கையேட்டில் ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். தவறான சிலிண்டரில் அரை நாள் போராடுவது இதைப் பார்க்காததால்தான்.

இரண்டாவது காயிலின் கப்ளர் லாக்கை அழுத்தி நேராக இழுங்கள். பழைய வண்டியில் சூட்டில் காய்ந்த பிளாஸ்டிக் லாக் உடைந்துபோகும், அதனால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டு, காயிலை இடமும் வலமுமாகக் கொஞ்சம் திருகி ரப்பர் பூட் பிளக்கை விட்டுப் பிரிந்ததும் மேலே எடுங்கள். காயிலில் ஒரு அடையாளம் போடுங்கள். மூன்றாவது காயிலையும் இதேபோல் எடுத்து, இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்துங்கள். காயில்கள் மட்டும்தான் இடம் மாற வேண்டும். இரண்டாவது சிலிண்டரின் கப்ளர் இரண்டாவதுக்கே, மூன்றாவதின் கப்ளர் மூன்றாவதுக்கே. பிளக்கைத் தொடவே வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு பொருளை மாற்றினால் எது காரணம் என்று பிறகு சொல்ல முடியாது.

கோட்களை அழியுங்கள். சாவியை ஒருமுறை முழுக்க அணைத்துவிட்டுப் போடுவதும் அவசியம். பல கார்களில் ஈசியூ, கன்வர்ட்டரைக் காப்பாற்ற மிஸ்ஸிங் அடிக்கும் சிலிண்டருக்கு இன்ஜெக்டரையே நிறுத்திவிடும். அது நின்றபடியே இருந்தால் நல்ல காயில் போட்டாலும் மிஸ்ஸிங் தொடரும், நீங்கள் தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

இப்போது வண்டிக்காரர் சொன்ன அதே நிலையில் ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும். ஒரு மேம்பாலம் கிடைத்தால்கூடப் போதும். மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் தொடங்கி முழுக்க மிதித்து ஏறுங்கள். விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்க்காமல், ஸ்கேனரில் பென்டிங் கோட் பகுதியையும் பாருங்கள். உறுதியான கோடாக மாறும் முன் அங்கேதான் முதலில் வந்து நிற்கும்.

பி0303 என்று வந்தால் வழக்கு முடிந்தது. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. அதே காயில்தான்.

மறுபடி பி0302 என்றே வந்தால் காயில் குற்றவாளி அல்ல. அடுத்து இரண்டாவது சிலிண்டரின் பிளக்கை நான்காவதோடு மாற்றி இதேபோல் ஓட்டுங்கள். கோட் பி0304 ஆனால் பிளக். அதற்கும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜெக்டர் மேல் வைத்துப் பிடியைக் காதோடு சேர்த்தால் “டிக் டிக்” சத்தம் கேட்கும், மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். கடைசியாகக் கம்ப்ரஷன். ஒரு சிலிண்டரின் அழுத்தம் மட்டும் மற்றவற்றைவிட நன்றாகக் குறைந்திருந்தால் வால்வோ ரிங்கோ ஹெட் பேக்கிங்கோ போயிருக்கிறது. அது வேறு அத்தியாயம்.

நடுவே ஒயரை மறந்துவிடாதீர்கள். நம் ஊரில் எலி கடித்த ஒயரிங் சாதாரண விஷயம், அதுவும் மரத்தடியிலும் குப்பைத்தொட்டி அருகிலும் நிறுத்தும் வண்டிகளில். கப்ளரின் பின்னால் உள்ள டேப்பைத் தடவிப் பாருங்கள், இன்ஜின் ஓடும்போது ஒயர்க்கொத்தை மெதுவாக அசைத்துப் பாருங்கள். சாவி போட்ட நிலையில் கப்ளரின் ஒரு பின்னில் 12 வோல்ட் வரவேண்டும். மூன்று, நான்கு பின் உள்ள காயில்களில் ஈசியூவின் சிக்னல் ஒயரும் இருக்கும். பல்பு போட்ட டெஸ்ட் லாம்ப்பை அதில் வைக்காதீர்கள், அது இழுக்கும் கரண்ட்டை அந்தச் சின்ன சர்க்யூட் தாங்காமல் போகலாம். மல்ட்டிமீட்டர் போதும்.

இரண்டு சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்கும் வண்டிகளும் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றும் நான்கும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி. ஜோடியில் இரண்டுமே மிஸ்ஸிங் அடித்தால் காயில். ஒன்று மட்டும் அடித்தால் அதன் பிளக் ஒயரையும் பிளக்கையும் பாருங்கள்.

சிஎன்ஜி, எல்பிஜி போட்ட வண்டியாக இருந்தால் உங்கள் கையில் கூடுதலாக ஒரு சோதனை இருக்கிறது. பெட்ரோலுக்கும் கேஸுக்கும் இன்ஜெக்டர்கள் தனித்தனியாக இருக்கும் வண்டியில், இரண்டிலும் ஒரே சிலிண்டர் அடித்தால் இன்ஜெக்டரை விட்டுவிடலாம். கேஸில் மட்டும் அடித்தால் கேஸ் இன்ஜெக்டரை உடனே குற்றம் சொல்லாதீர்கள். கேஸைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக வோல்ட் வேண்டும். தளர்ந்த காயிலும் தேய்ந்த பிளக்கும் பெட்ரோலில் ஓட்டிவிட்டுக் கேஸில்தான் முதலில் மாட்டிக்கொள்ளும்.

மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

காயிலை எடுத்ததும் மல்ட்டிமீட்டரில் ஓம் பார்ப்பது பழக்கம். இரண்டு பின் காயிலில் தடித்த கம்பிக்குப் பெரும்பாலும் ஒரு ஓம் அளவிலோ அதற்குக் குறைவாகவோ காட்டும், மெல்லிய கம்பிக்கு ஆயிரக்கணக்கில் காட்டும். சரியான எண் வண்டிக்கு வண்டி மாறும். அதைத் தேடுவதைவிட நான்கு காயிலையும் அளந்து ஒப்பிடுவது நல்லது. ஒன்றில் மட்டும் ரீடிங்கே இல்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. உள்ளேயே எலக்ட்ரானிக் சுவிட்ச்சும் டையோடும் வைத்த மூன்று, நான்கு பின் காயில்களில் இந்த அளவுக்கு அர்த்தமே இல்லை.

மீட்டரில் சரியாகக் காட்டினால் காயில் நல்லது என்று ஆகாது. மீட்டர் சோதிப்பது சில வோல்ட்டில். காயில் ஒழுகுவது 30,000 வோல்ட்டில். அந்த விரிசலை மீட்டரால் பார்க்க முடியாது. என் மதிப்பில் மீட்டர் “போய்விட்டது” என்று சொன்னால் நம்பலாம், “நன்றாக இருக்கிறது” என்று சொன்னால் நம்பக் கூடாது. இடம் மாற்றிப் பார்க்கும் சோதனையை அதனால்தான் முன்னால் வைத்தேன்.

கண்ணுக்கு மீட்டரைவிட அதிகம் தெரியும். எடுத்த காயிலின் ரப்பர் பூட்டை வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் ஒரு கோடு கிழித்ததுபோல் மெல்லிய கருப்புத் தடம் ஓடினால், கரண்ட் அந்த வழியில் எர்த்துக்கு ஓடியிருக்கிறது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதே தடம் எதிரே இருக்கும். துடைத்தால் போகாது, கரி ஊறிப்போன பாதை அது. இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய தடம் புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும், இரண்டையும் மாற்றுங்கள். பூட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கில் பச்சை, வெள்ளைத் துரு இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

இருட்டில் இன்னொன்று செய்யலாம். இன்ஜினை ஐடிலில் விட்டு, தள்ளி நின்று, ஸ்பிரே பாட்டிலில் காயில்களைச் சுற்றித் துளித்துளியாகத் தண்ணீரைத் தூவுங்கள். ஒழுகும் இடத்தில் நீல நிறப் பொறி ஓடுவது தெரியும், கூடவே உதறலும் வரும். தண்ணீரை ஊற்றக் கூடாது, கை வைக்கவும் கூடாது.

புதுக் காயில் போடும் முன்

பழைய காயில் ஏன் போனது என்று பாருங்கள். இதைச் செய்யாமல் புதுக் காயிலை மாட்டினால் அதே இடத்தில் மறுபடியும் போகும், வண்டிக்காரர் காயில் கம்பெனியைத் திட்டுவார்.

பிளக்குகளைக் கழற்றி ஃபீலர் கேஜால் இடைவெளியைப் பாருங்கள். ஓட ஓட முனை தேய்ந்து இடைவெளி கூடும், கூடக் கூடப் பொறி பறக்க அதிக வோல்ட் வேண்டும். காயில் ஒவ்வொரு முறையும் தன் எல்லைவரை எழும்பி எழும்பி இன்சுலேஷன் விட்டுவிடும். காயில் சாவுக்குப் பின்னால் பெரும்பாலும் மாற்றாமல் விட்ட பிளக்தான் நிற்கிறது. சாதாரண நிக்கல் பிளக் 30,000, 40,000 கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் இருக்கக் கூடாது. இரிடியம் கூடுதல் காலம் வரும். கேஸ் வண்டியில் இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும். காயில் ஒன்று போனாலும் பிளக் செட்டை மொத்தமாக மாற்றுங்கள்.

பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் தேங்கியிருந்தால் டேப்பட் கவர் பேக்கிங்கும் குழியின் சீலும் போயிருக்கின்றன. ஆயில் ரப்பர் பூட்டை ஊறவைத்து மென்மையாக்கிக் கெடுத்துவிடும். தண்ணீர் நின்றால் இன்ஜினுக்கு வாட்டர் வாஷ் அடித்திருக்கிறார்கள். வாஷ் அடித்த மறுநாள் மிஸ்ஸிங் வந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். பிளக்கைக் கழற்றும் முன் காற்று அடித்துக் குழியைச் சுத்தம் செய்வது கட்டாயம். இல்லையென்றால் மண்ணும் துருவும் சிலிண்டருக்குள் விழும்.

ஒரு காயில் போனதற்காக நான்கையும் மாற்றச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். போனதை மட்டும் மாற்றுங்கள். வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் கூடுதலாக ஒன்றை வாங்கி டிக்கியில் போட்டுவையுங்கள், அடுத்தது வழியில் போனால் 10 எம்எம் ஸ்பேனரோடு நீங்களே மாற்றிவிடலாம். காயிலில் மட்டும் விலையைப் பார்த்து டூப்ளிகேட் வாங்காதீர்கள். ரெசினும் கம்பியும் மட்டமாக இருந்தால் சூட்டில் அதே விரிசல் சீக்கிரம் விழும்.

பூட்டின் உள் விளிம்பில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசாகத் தடவி, பிளக் மேல் “டப்” என்று உட்காரும்வரை அழுத்துங்கள். போல்ட்டை மென்மையாக இறுக்கினால் போதும், அது பிளாஸ்டிக்கைப் பிடித்து நிற்கும் போல்ட். கப்ளர் லாக் விழுந்த சத்தம் கேட்டதா என்று பாருங்கள்.

கோட்களை அழித்துவிட்டு, கோளாறு வந்த அதே மேட்டில் ஓட்டுங்கள். ஸ்கேனரில் ஃப்யூவல் டிரிம், அதாவது ஈசியூ பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தத்தின் எண், பழையபடி பூஜ்யத்துக்கு அருகே வந்து நிற்கிறதா என்று சில நாள் கழித்தும் பாருங்கள். மிஸ்ஸிங்கோடு வெகுநாள் ஓடிய வண்டியில், எல்லாம் சரியான பிறகு பி0420 என்ற கோட் வரலாம். கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று அதற்குப் பொருள். உடனே கன்வர்ட்டரை மாற்றாமல் முதலில் ஆக்சிஜன் சென்சார்களின் ரீடிங்கையும், சைலன்சர் ஜாயிண்ட்டில் காற்று ஒழுக்கு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.